ஆங்கிலத்தின் ‘ஹேவ்’: தமிழின் ‘இரு’ வழியாகப் புரிந்துகொள்வோம்

பெங்களூருக்கு வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆபீஸில் சீக்கிரமே கிடைக்கும் ஆங்கில அறிவுரை ஒன்று உண்டு: “‘ஐ ஆம் ஹேவிங்’னு மட்டும் சொல்லாதே, தப்பு.” சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் கேட்டவர் அன்றிலிருந்து ‘ஹேவிங்’ என்ற சொல்லையே கைவிட்டுவிடுகிறார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் “வீ ஆர் ஹேவிங் லஞ்ச்” என்று சொல்லக்கூடத் தயங்குகிறார். அந்த வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை.

பள்ளியில் படித்ததும் இப்படி அரைகுறையான உண்மைதான். “ஹேவ் என்றால் வைத்திருத்தல்” என்று எழுதிப்போட்டிருப்பார்கள். ‘ஐ ஹேவ் எ பென்’ வரைக்கும் அது சரி. ‘ஐ ஹேவ் டு கோ’ என்பதில் எதை வைத்திருக்கிறோம்? ‘ஐ ஹேவ் ஈட்டன்’ என்பதில்? மனப்பாடம் செய்த பொருள் அங்கே உதவாது. உடனே இந்த வினைக்கு இருபது முப்பது அர்த்தம் இருப்பதாகப் பட்டியல் போட்டுப் பயமுறுத்துவார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தமிழில் நாம் தினமும் சொல்லும் மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்: ‘எனக்கு வேலை இருக்கிறது’, ‘நான் வந்திருக்கிறேன்’, ‘நான் போக வேண்டியிருக்கிறது’. மூன்றிலும் ‘இரு’ என்ற ஒரே வினை ஓடுகிறது. இவற்றை ஆங்கிலத்தில் சொன்னால் மூன்றிலும் ‘ஹேவ்’ வரும். இவ்வளவு பெரிய ஒற்றுமை நம் கையிலேயே இருக்கிறது. இரண்டு வினைகளும் எங்கே பிரிந்து போகின்றன என்று தெரிந்துகொண்டால், நாம் வழக்கமாகத் தடுமாறும் இடங்களும் தெரிந்துவிடும்.

எனக்கு இருக்கிறது, நான் ‘ஹேவ்’

‘எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்.’ இந்த வாக்கியத்தில் இருப்பவர்கள் அண்ணன்கள். வினைமுற்று அவர்களோடு சேர்ந்துதான் ‘இருக்கிறார்கள்’ என்று முடிகிறது. வாக்கியத்தின் வினை யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவர் எழுவாய். ஆக, இங்கே எழுவாய் அண்ணன்கள். ‘எனக்கு’ என்று ‘கு’ உருபு ஏற்று நான் ஓரமாக நிற்கிறேன்.

கன்னடத்தில் ‘நனகே இப்பரு அண்ணந்திரு இத்தாரே’ என்பார்கள். அச்சு அசல் நம் அமைப்பு. தெலுங்கில் ‘நாகு’, மலையாளத்தில் ‘எனிக்கு’. இந்தியிலும் ‘மேரே தோ பாயி ஹை’ என்றால் அண்ணன் தம்பிகள்தான் எழுவாய். பெங்களூர் ஆபீஸ் ஒன்றில் ஐந்து மொழிக்காரர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தால், அவர்களில் ஒருவருடைய தாய்மொழியிலும் ‘ஹேவ்’ போல அன்றாடம் புழங்கும் வினை கிடையாது. அதனால்தான் இந்தச் சொல்லில் எல்லோரும் ஒரே மாதிரித் தடுமாறுகிறோம். கோயம்புத்தூர்க்காரரும் லக்னோக்காரரும் ஒரே இடத்தில் சறுக்குவதற்குப் பள்ளிக்கூடத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஆங்கிலம் இதைத் திருப்பிப் போடுகிறது. ஓரமாக நின்ற ‘எனக்கு’, ‘ஐ’ ஆகி முன்னால் வந்து எழுவாயாகிவிடுகிறது. அண்ணன்கள் செயப்படுபொருள் ஆகிவிடுகிறார்கள். ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்.’ உடையவரை எழுவாயாக நிறுத்துவதுதான் ‘ஹேவ்’ செய்யும் முக்கியமான வேலை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் இதிலிருந்து கிளைக்கும்.

தமிழில் காரும் பணமும் ‘என்னிடம்’ இருக்கும். அண்ணனும் காய்ச்சலும் சந்தேகமும் ‘எனக்கு’ இருக்கும். கைமாறக்கூடியது எது, ஒட்டிக்கொண்டிருப்பது எது என்று பிரித்துச் சொல்கிறோம். ஆங்கிலம் இங்கே அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. கார், காய்ச்சல், கடன், தலைவலி, தங்கை எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஹேவ்’.

இதோடு சேர்த்து ஒரு சின்ன விஷயம். ஒருமையில் அவன், அவள், அது வந்தால் ‘ஹேஸ்’ என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘டஸ்’ வந்துவிட்டால் ‘ஹேவ்’தான்: ‘டஸ் ஹி ஹேவ் எ பைக்?’ அந்த ‘ஸ்’ ஒலி ‘டஸ்’ஸிலேயே வந்துவிட்டது, இரண்டாவது முறை தேவையில்லை. ‘வில்’, ‘கேன்’, ‘டு’ இவற்றுக்குப் பின்னாலும் ‘ஹேவ்’ மட்டுமே.

‘ஹேவிங்’ எங்கே சரி, எங்கே பொருந்தாது

இப்போது முதலில் சொன்ன அறிவுரைக்கு வருவோம். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ ஏன் காதில் இடறுகிறது?

வினைகளில் இரண்டு வகை உண்டு. தெரிதல், விரும்புதல், உடைமையாக இருத்தல் போன்றவை நிலையைச் சொல்பவை. இவற்றில் எதுவும் நடப்பதில்லை. அது அப்படி இருக்கிறது, அவ்வளவுதான். இவற்றை நிலைவினை என்று வைத்துக்கொள்வோம். ஓடுதல், சாப்பிடுதல், பேசுதல் போன்றவற்றில் ஒன்று நடக்கிறது. தொடக்கமும் முடிவும் உண்டு. இவை நிகழ்வினை. ஆங்கிலத்தின் ‘ஆம்’ அல்லது ‘இஸ்’ஸோடு வரும் ‘இங்’ வடிவம், நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல ஏற்பட்டது. அண்ணன் இருப்பது இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சி இல்லை. தமிழிலும் ‘எனக்கு அண்ணன் இருந்துகொண்டிருக்கிறான்’ என்று யாரும் சொல்வதில்லையே.

அப்படியிருந்தும் நமக்கு ஏன் இது வாயில் வருகிறது? என் கணிப்பில் ஒரு காரணம் ‘வைத்திருக்கிறேன்’ என்ற சொல். ‘கார் வைத்திருக்கிறேன்’ என்பதன் முடிவைப் பாருங்கள். ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கும் அதே முடிவுதான். படித்துக்கொண்டிருப்பது ‘ஆம் ரீடிங்’ என்றால், வைத்திருப்பது ‘ஆம் ஹேவிங்’ என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அது அறிவில்லாத தவறு கிடையாது. ஒரு மொழியின் ஒழுங்கை இன்னொன்றில் நம்பிக்கையோடு போட்டுப் பார்ப்பது.

சரி, ‘வீ ஆர் ஹேவிங் லஞ்ச்’ மட்டும் எப்படிச் சரியாகிறது? அங்கே ‘ஹேவ்’ உடைமையைச் சொல்லவில்லை. நாம் ‘போன் பண்ணு’, ‘குக் பண்ணு’, ‘அட்ஜஸ்ட் பண்ணு’ என்கிறோம் இல்லையா? பொருள் முழுவதும் முன்னால் உள்ள சொல்லில்தான் இருக்கிறது. ‘பண்ணு’ வெறும் வினைத்தன்மையை மட்டும் கொடுக்கிறது. இப்படித் தன் பொருளைக் குறைத்துக்கொண்டு இன்னொரு சொல்லைச் சுமக்கும் வினையை மொழியியலில் மெல்வினை என்று சொல்லலாம். ‘ஹேவ் லஞ்ச்’, ‘ஹேவ் எ பாத்’, ‘ஹேவ் எ மீட்டிங்’, ‘ஹேவ் எ சாட்’, ‘ஹேவ் எ பேபி’ எல்லாமே இந்த வகை. சாப்பாடு, குளியல், மீட்டிங், அரட்டை, பிரசவம் ஆகியவை நடப்பவை. அதனால் ‘ஹேவிங்’ தாராளமாக வரலாம்.

கடைசியில் சொன்னது நல்ல சோதனை. ‘ஷி ஹேஸ் எ பேபி’ என்றால் அவளுக்குக் குழந்தை இருக்கிறது. ‘ஷி இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது அல்லது பிறந்துகொண்டிருக்கிறது. ஒரு ‘இங்’ மாறியதில் தொட்டிலிலிருந்து பிரசவ அறைக்குப் போய்விடுகிறோம்.

காய்ச்சலுக்கு ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’. கேள்வி கேட்க வேண்டுமென்றால் ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’. நாம் சொல்லும் ‘ஐ ஹேவ் எ டவுட்’ இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். ஆனால் லண்டனில் இருக்கும் கிளையன்ட்டுக்கு, நீங்கள் அவர் சொன்னதை நம்பவில்லை என்று தோன்றக்கூடும். ‘ஐ ஆம் ஹேவிங் டிரபிள் வித் மை லேப்டாப்’ என்பது சரி, ஏனென்றால் அந்தத் தொல்லை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

ஆக, ‘ஹேவிங்’ தவறா என்று கேட்பதில் பயன் இல்லை. இது இருப்பதா, நடப்பதா என்று கேளுங்கள். இருப்பது என்றால் ‘ஹேவ்’. நடப்பது என்றால் ‘ஹேவிங்’கும் வரலாம்.

இதில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’ என்ற வழக்கை இந்திய ஆங்கிலத்தின் இயல்புகளில் ஒன்றாகவே மொழியியல் பதிவு செய்கிறது. ஒயிட்ஃபீல்டு டீக்கடையில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாமல் போகாது. அதற்காக ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது அநியாயம். ஆனால் நேர்முகத் தேர்விலும் ஐஈஎல்டிஎஸ் மாதிரியான ஆங்கிலத் திறன் தேர்விலும் மதிப்பெண் குறையலாம். எந்த இடத்தில் எது எடுபடும் என்ற தெரிவு நம் கையில் இருப்பது நல்லது.

நடந்து முடிந்ததும் கையிருப்பில் உள்ளதும்

அடுத்தது ‘ஐ ஹேவ் ரிட்டன்’, ‘ஷி ஹேஸ் லெஃப்ட்’ போன்ற வாக்கியங்கள். இதற்குப் பிரசென்ட் பெர்ஃபெக்ட் என்று பெயர்: நடந்தது முன்பு, அதன் விளைவு அல்லது பொருத்தம் இப்போதும் இருக்கிறது என்று சொல்லும் வடிவம்.

பெங்களூரின் ‘நம்ம மெட்ரோ’ ரயிலுக்கான ஸ்மார்ட் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் அதில் 500 ரூபாய் போட்டீர்கள், நடுவில் நாலைந்து தடவை போய் வந்தீர்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வரும்போது கேட்டில் கார்டை வைத்தால் மிச்சம் எவ்வளவு என்று திரையில் தெரியும். அந்தத் திரை தேதி சொல்லாது. எப்போது போட்டீர்கள், எங்கே போட்டீர்கள் என்பது அதற்குத் தேவையில்லை. இப்போது என்ன இருப்பு, அதை மட்டும் காட்டும். தேதி வேண்டுமென்றால் ரீசார்ஜ் செய்த விவரப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

பிரசென்ட் பெர்ஃபெக்ட் அந்தத் திரை. சாதாரண இறந்தகாலம் அந்தப் பட்டியல். ‘ஐ ஹேவ் சென்ட் த மெயில்’ என்றால் மெயில் போயாயிற்று, இப்போது உங்கள் பெட்டியில் இருக்கும், பாருங்கள். ‘ஐ சென்ட் த மெயில் யெஸ்டர்டே’ என்றால் நேற்று என்ற தேதியோடு ஒரு நிகழ்ச்சி. இரண்டையும் கலந்து ‘ஐ ஹேவ் சென்ட் த மெயில் யெஸ்டர்டே’ என்பதுதான் பொருந்தாமல் போகிறது. முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இன் 2019’ எதுவும் ‘ஹேவ் சென்ட்’டோடு சேராது. ‘டுடே’, ‘திஸ் வீக்’ சேரும், ஏனென்றால் அந்த நேரம் இன்னும் முடியவில்லை.

இந்த வடிவம் எப்படிப் பிறந்தது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டுக்கு முன், ‘பிடிபட்ட நிலையில் மீனை வைத்திருக்கிறேன்’ என்ற அமைப்பில் பேசினார்கள். அங்கே ‘ஹேவ்’ உண்மையாகவே உடைமையைச் சொன்னது. ‘பிடிபட்ட’ என்ற சொல் மீனுக்கு அடைமொழியாக நின்று, மீனுக்கு ஏற்ற விகுதியும் பெற்றது. பிடிபட்ட மீன் என்னிடம் இருக்கிறது என்றால் பெரும்பாலும் பிடித்தவன் நான்தானே? காலப்போக்கில் விகுதி தேய்ந்தது, சொற்களின் வரிசை மாறியது, ‘மீனைப் பிடித்திருக்கிறேன்’ என்ற பொருள் நிலைத்துவிட்டது. உடைமைச் சொல் காலத்தைக் காட்டும் துணைவினையாக மாறிய கதை இதுதான். துணைவினை என்றால் முதன்மை வினையோடு ஒட்டிக்கொண்டு காலத்தையோ மனநிலையையோ மட்டும் சொல்வது.

தமிழ் இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்தது. ‘வந்து’ என்ற எச்சத்தோடு ‘இருக்கிறேன்’ சேர்ந்து ‘வந்திருக்கிறேன்’. வந்தேன், அதன் பின் இங்கே இருக்கிறேன். இருப்பைச் சொல்லும் வினை இங்கே துணைவினை ஆனது.

இன்னும் பின்னால் போனால், ‘ஹேவ்’ என்பதன் ஆதி வேர் ‘பற்றிக்கொள்’ என்ற பொருள் கொண்டது என்கிறார்கள் வேர்ச்சொல் ஆய்வாளர்கள். லத்தீனில் அந்த வேர் ‘காபெரே’ என்று நின்றது. ‘கேப்சர்’, ‘கேப்டிவ்’ அதிலிருந்து வந்தவை. ஜெர்மானிய மொழிகளில் சொல் முதலில் இருந்த ‘க’ ஒலி ‘ஹ’ ஆனது. யாகோப் கிரிம் 1822இல் விளக்கிய ஒலிமாற்ற ஒழுங்கு இது. நூறு என்ற பொருளில் லத்தீனில் ‘கென்டும்’ என்று நிற்கும் சொல்லுக்கு உறவான ஆங்கிலச் சொல் ‘ஹண்ட்ரட்’ என்று ‘ஹ’வில் தொடங்குவதும் இந்த வழியில்தான். அதே பொருளில் லத்தீனில் ‘ஹபேரே’ என்று வேறொரு சொல் இருக்கிறது. பார்க்க ‘ஹேவ்’ மாதிரியே இருந்தாலும் அதன் வேர் வேறு.

நம் தமிழ் இங்கே நம்மைத் தடுமாற வைக்கும் இடம்

‘இரு’வும் ‘ஹேவ்’வும் இவ்வளவு ஒத்துப்போனால் நாம் ஏன் தடுமாறுகிறோம்? ஏனென்றால் தமிழின் ‘இருக்கிறேன்’ தேதியைச் சேர்த்துக்கொள்ளும். ‘போன வருஷம் அவரைப் பார்த்திருக்கிறேன்’, ‘நேற்று யாரோ இங்கே வந்திருக்கிறார்கள்’ என்பதெல்லாம் நல்ல தமிழ். தமிழுக்குக் கேட் திரையிலும் தேதி காட்ட முடியும். ஆங்கிலத்துக்கு முடியாது. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் லாஸ்ட் இயர்’ என்று நம் வாயில் வருவதன் ஊற்று இதுதான்.

‘ஹேவ்’வின் இறந்தகால வடிவமான ‘ஹேட்’ இன்னும் கடினம். ‘நேற்று உங்க ஆபீஸுக்கு வந்திருந்தேன், நீங்க இல்லை’ என்கிறோம். வந்தேன், இருந்தேன், இப்போது அங்கே இல்லை, திரும்பிவிட்டேன் என்ற முழு நிழலும் ‘வந்திருந்தேன்’ என்பதில் இருக்கிறது. அழகான வடிவம். அதை அப்படியே ‘ஐ ஹேட் கம் டு யுவர் ஆபீஸ் யெஸ்டர்டே’ என்று மாற்றிவிடுகிறோம். ‘வந்திருந்தேன்’ என்பதற்கு ‘ஆயா தா’ என்று சொல்லும் இந்திக்காரர்களும் அதை இப்படித்தான் மாற்றுகிறார்கள்.

ஆங்கிலத்தின் ‘ஹேட்’டுக்கு வேறு வேலை. இறந்தகாலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருந்து, அவற்றில் எது முந்தியது என்று காட்ட வேண்டியிருந்தால் முந்தியதற்கு ‘ஹேட்’ வரும். இதற்குப் பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்று பெயர். ‘வென் ஐ ரீச்டு மெஜஸ்டிக், த பஸ் ஹேட் லெஃப்ட்.’ நான் மெஜஸ்டிக் பஸ் நிலையம் போய்ச் சேர்ந்தபோது பஸ் கிளம்பியிருந்தது. ஒப்பிட இரண்டாவது நிகழ்ச்சி இல்லாமல் தனியாக ‘ஹேட்’ போட்டால், கேட்பவர் கதை இன்னும் வரப்போகிறது என்று காத்திருப்பார். நேற்று வந்ததை மட்டும் சொல்ல ‘ஐ கேம்’ போதும்.

சிலர் பார்த்துப் பயப்படும் ‘ஹேட் ஹேட்’டும் இதே கணக்குதான். ‘ஷி ஹேட் ஹேட் லஞ்ச் பிஃபோர் ஐ அரைவ்டு’ என்பதில் முதல் ‘ஹேட்’ துணைவினை, இரண்டாவது சாப்பிட்டதைச் சொல்லும் மெல்வினை.

காய்ச்சலுக்குத் திரும்ப வருவோம். ‘ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்’ என்று லீவ் மெயில் எழுதுகிறோம். முன்பு தொடங்கி இப்போதும் இருப்பதால் பெர்ஃபெக்ட் வேண்டும்: ‘ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ்.’ ‘சின்ஸ்’ஸா ‘ஃபார்’ஆ என்ற குழப்பத்துக்குத் தமிழிலேயே விடை உண்டு. ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்று தொடக்கத்தைச் சொன்னால் ‘சின்ஸ்’. ‘இரண்டு நாளாக’ என்று நீளத்தைச் சொன்னால் ‘ஃபார்’.

சுருக்கமாக: தேதி சொன்னால் சாதாரண இறந்தகாலம். விளைவு இப்போதும் இருந்தால் ‘ஹேவ்’. இன்னொரு பழைய நிகழ்ச்சிக்கும் முந்தியது என்றால் ‘ஹேட்’.

‘வந்திருப்பார்’, ‘சொல்லியிருக்கலாம்’ போன்றவற்றில் ஒரு சிக்கலும் இல்லை, இரண்டு மொழிகளும் கைகோத்துப் போகின்றன. கிளம்பியிருப்பார் என்றால் ‘மஸ்ட் ஹேவ் லெஃப்ட்’. சொல்லியிருக்கலாம் என்றால் ‘குட் ஹேவ் டோல்ட்’. சொல்லியிருக்க வேண்டும் என்றால் ‘ஷுட் ஹேவ் டோல்ட்’. பேச்சில் இந்த ‘ஹேவ்’ தேய்ந்து ‘அவ்’ என்று மட்டும் ஒலிக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே சிலர் அதை ‘ஆஃப்’ என்று நினைத்து ‘ஷுட் ஆஃப்’ என எழுதிவிடுகிறார்கள்.

போக வேண்டியிருக்கிறது

கட்டாயத்தைச் சொல்லும் ‘ஹேவ் டு’ நமக்கு எளிது. ‘ஐ ஹேவ் டு கோ’ என்றால் போக வேண்டியிருக்கிறது. செய்ய வேண்டியது ஒன்று என் தலைமேல் இருக்கிறது என்ற உடைமை நினைவு அதில் இன்னும் மங்கலாக உண்டு. ஒலி மட்டும் மாறும்: இங்கே ‘ஹேவ்’ என்பது ‘ஹேஃப்’ ஆகிவிடும், ‘ஹேஃப் டு’. ‘ஐ ஹேவ் டூ கார்ஸ்’ என்று எண்ணைச் சொல்லும்போது ‘வ்’ அப்படியே நிற்கும்.

கவனம் வேண்டிய இடம் எதிர்மறை. ‘யூ டோன்ட் ஹேவ் டு கம் ஆன் சாட்டர்டே’ என்று மேலாளர் சொன்னால், வர வேண்டிய கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் வரலாம் என்று பொருள். நம் காதில் அது ‘சனிக்கிழமை வர வேண்டாம்’ என்று விழுகிறது. ‘வர வேண்டாம்’ என்பதில் தடையின் சாயலும் உண்டு. ஆங்கிலத்தில் தடை என்றால் ‘மஸ்ட் நாட்’, அதாவது வரக் கூடாது. ‘டோன்ட் ஹேவ் டு’ என்றால் ‘வர வேண்டியதில்லை’ என்று மனதில் மொழிபெயர்த்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஆள் வைத்துச் செய்தது

கடைசியாக, நாம் அதிகம் பயன்படுத்தாத ஆனால் மிக உபயோகமான ஒரு வழக்கு. லேப்டாப்பை பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்.பி. ரோட்டில் கொடுத்துச் சரிசெய்து வாங்கினீர்கள். ‘ஐ ரிப்பேர்டு மை லேப்டாப்’ என்றால் நீங்களே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சரிசெய்ததாக ஆகிவிடும். ஆள் வைத்துச் செய்ததைச் சொல்ல ‘ஐ ஹேட் மை லேப்டாப் ரிப்பேர்டு’. முடி வெட்டிக்கொண்டேன் என்பதற்கு ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’.

சொற்களின் வரிசையைப் பாருங்கள். ‘ஹேட் ரிப்பேர்டு மை லேப்டாப்’ என்றால் பாஸ்ட் பெர்ஃபெக்ட், செய்தது நான். ‘ஹேட் மை லேப்டாப் ரிப்பேர்டு’ என்றால் செய்தது வேறொருவர். பொருள் நடுவில் வந்து, ‘சரிசெய்யப்பட்ட’ என்ற சொல் அதற்குப் பின்னால் நிற்கிறது. பிடிபட்ட மீனை வைத்திருந்த அந்தப் பழைய அமைப்பை ஒத்த வடிவம் இது. ஆகவே பேசும்போது முதலில் பொருளைச் சொல்லுங்கள், அப்புறம் அதற்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள்: ‘ஹேட் த ஏசி சர்வீஸ்டு’, ‘ஹேட் மை பிளட் டெஸ்டட்’, ‘வில் ஹேவ் த ஹவுஸ் பெயின்டட்’.